ஆறுதல் சொல்லப்படமாட்டாது

அன்புடையீர். இது சரி. இதுல ஒரு தப்பும் இல்லை, கல்யாணத்துக்கும் அன்புடையீர்தான், கருமாதிக்கும் அன்புடையீர்தான். அடுத்த வரியிலதான் வண்டி சேத்துல இறங்கிருது. நிகழும் மங்களகரமானன்னு கை தன்னால எழுதிட்டு. அடி கோட்டிக்காரி, மங்களகரமாவா உக்காந்து வருத்தப்படப் போறோம்? அடிச்சாச்சு. எத்தனாவது தாள்னு கேக்காதே மங்கை, உன் கிட்டயே நீ கணக்குக் கேக்காதே. அவுக சாப்பிட்டு உள்ள போய்ப் படுத்தாச்சு. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யுது, கரண்டு போயிட்டு, சாப்பாட்டு மேசையில நான் ஒருத்தி பேனாவும் கையுமா. அவுக எந்திரிச்சுக் காப்பி கேக்கதுக்குள்ள இதை ஒரு வழி பண்ணிரணும். கேக்கதுக்குள்ளயா? கேட்டாத்தானே. கொண்டு வச்சாக் குடிப்பாவ, வைக்கலைன்னா சும்மா சுவரைப் பாத்துக்கிட்டு இருப்பாவ. சரி, எந்திரிக்கதுக்குள்ள. யோசனை என்னுது இல்லை, உமையாளோடது. எங்க ஒத்தை மக, ஹைதராபாத்துல மருமகனோட இருக்கா. போன வாரம் போன்ல, அம்மா, எங்க அபார்ட்மெண்ட்ல ஒரு பார்ட்டி வச்சோம், எல்லாரும் கறுப்பு டிரஸ், லைட்டை அணைச்சிட்டு மெழுகுவத்தி, ஆளுக்கொரு சோகமான கதையோ கவிதையோ வாசிக்கணும், மழைச் சத்தத்தை வேற ஸ்பீக்கர்ல போட்டோம், செமையா இருந்துச்சும்மான்னா. ஏட்டி, ஒரு சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போனா இதெல்லாம் சும்மாவே கிடைக்குமேட்டின்னேன். சிரிச்சா. சிரிச்சு முடிச்சிட்டுக் குரலைத் தாழ்த்தி, அம்மா, அப்பா பேசினாங்களான்னா. பாலு பொங்குதுன்னு போனை வச்சிட்டேன். அடுப்புல பாலும் இல்லை ஒண்ணும் இல்லை. வெறும் அடுப்பு முன்னால நின்னுக்கிட்டு இருக்கும்போதுதான் மனசுல விழுந்துச்சு, ஏன் இங்கயும் வச்சா என்ன?

அவுகன்னா என் வீட்டுக்காரவுக, காந்திமதிநாதன். இன்சூரன்ஸ் ஆபீசுல இருந்து ஓய்வு ஆனவுக. ஆவணியில ஜெபமணி அண்ணாச்சி தூக்கத்துலயே போனதுலேர்ந்து அவுக வாயில இருந்து ‘ம்’ தவிர ஒண்ணும் வரலை. குழம்பு நல்லாருக்கா? ம். மழை வருது, ஜன்னலைச் சாத்தவா? ம். டாக்டர் கிட்டப் போவமா? அதுக்கு மட்டும் ‘ம்’ இல்லை, தலையாட்டு. அண்ணாச்சி பள்ளிக்கூடத்துல கணக்கு வாத்தியாரு. வாலிபத்துலேர்ந்து இவுக ரெண்டு பேரும் சேக்காளிக. அண்ணாச்சிக்குக் கண்ணுல நீரழுத்தம்னு பார்வை கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு, இனிமே ஒரு புஸ்தகம் படிக்க முடியாதேய்யான்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சின்னப்பிள்ளை மாதிரித் தேம்பினாவளாம். அதுக்கென்னவே, நான் வாசிக்கேன், நீ கேளுன்னு இவுக அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா அண்ணாச்சி குடையை ஊனிக்கிட்டு வந்துருவாவ. முன்னறையில பிரம்பு நாற்காலியில அண்ணாச்சி, எதிர்த்தாப்புல அவுக. முறுக்கு வச்சாக் காப்பிக்குள்ள முக்கி ஊற வச்சுத்தான் தின்பாவ அண்ணாச்சி, கடிக்குத சத்தம் வாசிப்புக்கு இடைஞ்சலாம். அந்தக் குரலு. அவுகளுக்கு ரெண்டு குரல் உண்டு. கடைக்காரன் கிட்டயும் என் கிட்டயும் பேசுதது ஒண்ணு, அது ரசீதுல அச்சடிச்ச மாதிரி. வாசிக்கும்போது வாறது வேற. அதைச் சொல்லத் தெரியலை எனக்கு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பாத்தவ, காலமெல்லாம் குரலோடயே குடித்தனம் பண்ணினவ, எனக்கே சொல்லத் தெரியலை. ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசுத குரல், மாப்பிள்ளை பாத்துட்டு வந்து பேசுத குரல், கடன் கேக்கப் போற குரல், ‘ஹலோ’ன்னு ஒரு சொல்லுல கண்டுபிடிச்சிருவேன். ரெண்டு முனையையும் சேத்து விட்டதும் காதை எடுத்துரணும், அது சட்டம். ஆபீசுல ஒரு நாள் கூட மீறலை. வீட்டுலதான் மீறினேன், அடுக்களைக் கதவுக்குப் பின்னால நின்னு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மிக்சி போட மாட்டேன், குழாயைச் சொட்ட விட மாட்டேன். ஒரே ஒரு தடவை நானும் போய் ஓரமா உக்காந்து பாத்தேன். உக்காந்த உடனே அண்ணாச்சி மரியாதைக்கு எந்திரிச்சு, வாங்க தங்கச்சி, முட்டி வலி எப்படி இருக்குன்னாவ. அவுக புஸ்தகத்தை மூடிட்டாவ. மூணு பேருமா முட்டி வலியைப் பத்திப் பேசினோம், தைலத்தைப் பத்திப் பேசினோம், தைலம் விக்கிதவனைப் பத்திப் பேசினோம். எவ்வளவு நேரம்தான் தைலம் பேச? எந்திரிச்சு வந்துட்டேன். வான்னும் சொல்லலை, போன்னும் சொல்லலை. அதுக்கப்புறம் நான் போகவும் இல்லை.

இப்ப எழுது. கதையெல்லாம் பொறவு. எங்கள் இல்லத்தில் ஒரு சோகமான மாலை விருந்து நடைபெற இருப்பதால். வெளங்கும். சோகமான விருந்தாம். படிச்சவன் அடிச்சுப் புரண்டுக்கிட்டு, யாரு போயிட்டான்னு ஓடியாருவான். உமையா மாதிரிக்கு ஒரு கறுப்புக் கார்டைப் போன்ல அனுப்பிருந்தா, வெள்ளை எழுத்து, மூலையில ஒரு வாடின பூ. அழகாத்தான் இருக்கு. ஆனா இந்த ஊருல கார்டு வாங்கினா முதல்ல எழுத்தையா பாக்காங்க, மூலையைல்லா பாக்காங்க. மஞ்சள் தடவிருக்கான்னு. மஞ்சள் இல்லைன்னா வாசல்லயே நின்னு படிச்சிட்டு அங்கனயே கிழிச்சுப் போட்டுட்டுத்தான் உள்ள போவாங்க, துட்டிக் காயிதம் வீட்டுக்குள்ள வரக் கூடாதுல்லா. கறுப்புக் கார்டுல மஞ்சள் தடவுனா? அதைப் பாத்தா ஆட்டோவுக்குப் பின்னால தொங்க விடுத திருஷ்டித் தகடு மாதிரி இருக்கும். சவத்தைத் தள்ளு, வெள்ளைத் தாளே போதும். சொல்லுதான் முக்கியம். சோகம் வேண்டாம், அது சினிமாச் சொல்லு. துக்கம் வேண்டவே வேண்டாம். துயரம் பேப்பர்ல வரும். வருத்தம். வருத்தம்னு சொன்னா வாய்க்குப் பழகினதா இருக்கு. சும்மா கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்கலாம் என்று இருக்கிறோம். பாரேன், இது வந்துட்டே. ஏன் வருத்தப்படணும்னு எவளாவது கேட்டா? தங்கபுஷ்பம் அக்கா கேக்க மாட்டாவ. அண்ணாச்சியோட வீட்டுக்காரி, முதல் கார்டு அவுகளுக்குத்தான். நான் ஜெபந்தான் வாசிப்பேன் மங்கைம்பாவ. வாசிங்கக்கா, ஜெபத்துல இல்லாத வருத்தமா. அடக்கத்தன்னைக்கு அக்கா கையைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொருத்தியும் என்னென்ன சொன்னா. நல்ல சாவுக்கா. படுக்கையில கிடக்காமப் போயிட்டாவ, குடுத்து வச்சவுக. கர்த்தர் கூப்பிட்டுக்கிட்டாரு. அதே மாதிரி அவுக கிட்டயும் வந்தாங்களே வரிசையா. சார், நீங்களே இப்படி இருக்கலாமா. சார், வயசாச்சில்லா. சார், அவரு ஆத்மா சாந்தியடையணும்னா நீங்க சந்தோசமா இருக்கணும். ஆளுக்கொரு ஆறுதலைக் கொண்டாந்து அவுக வாய் மேல அடுக்கிட்டுப் போயிட்டாங்க. நல்ல மனசோடதான். ஆனா வாயத் திறக்க இடம் எங்க இருக்கு? அழுதா, இத்தனை பேரு சொல்லியும் கேக்கலையேன்னு ஆயிரும். கல்லறைத் தோட்டத்துல மண்ணு போட்டாவ, வந்து குளிச்சாவ, போட்டதைச் சாப்பிட்டாவ. காந்திமதி சார் தைரியசாலின்னு தெருவே சொல்லிச்சு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. தைரியமாம் தைரியம். எழுது, அடுத்த வரி இதுதான். யாருக்கும் ஆறுதல் சொல்லப்படமாட்டாது. பேங்கு போர்டு மாதிரி இருக்கோ? இருக்கட்டும். பேங்குல போர்டு வச்சாத்தான் நம்ம ஆளுக்கு ஏறும்.

பலகாரம் என்னன்னு யோசிக்கணும். பாயசம் கூடாது, அது சந்தோசத்துக்கு. சொதி வைக்கலாம்னா அது கல்யாணத்துக்கு மறுநா வைக்கதுல்லா, சொதியை இலையில கண்டதும் சம்பந்தி எங்கன்னு தேடுவாங்க. வருத்தத்துக்குன்னு ஒரு சாப்பாடு நம்ம கிட்ட இல்லையே, எழவு வீட்டுல பக்கத்து வீட்டுக்காரங்க கொண்டு வாற சோத்தை விட்டா. சுக்குக் காப்பி சரி. இலைக் கொழுக்கட்டை சரி, சத்தம் போடாது. மொய்ன்னு ஒண்ணு இருக்கே, சிலது கவரோட வந்து நிக்கும். மொய் வேண்டாம், மனசில் கிடக்கிற ஒன்றைக் கொண்டுவரவும். புத்தகமோ, பாட்டோ, பழைய கடுதாசியோ, சும்மா வாய்ப் பேச்சோ. விளக்கு கொஞ்சமாகத்தான் எரியும். வாசிக்க வருகிறவர்கள் வாசிக்கலாம். மற்றவர்கள் கேட்கலாம், கேட்பதும் வேலைதான். பரவாயில்லையே மங்கை, உனக்கும் எழுத வருதே. எல்லாம் வருது. யாருக்கு வருதுங்கதுதான் கேள்வி. அத்தனை பேரும் வந்து, மெழுகுவத்தியும் ஏத்தி, தங்கபுஷ்பம் அக்கா ஜெபம் முடிச்சு, எல்லாரும் அவுக முகத்தைப் பாக்க, அவுக விருட்டுன்னு எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா? நான் கொழுக்கட்டைத் தட்டும் கையுமா நிப்பேன். அந்த அவமானம் கூடப் போகட்டும், அது ஒரு வாரத்துக்குத் தெரு பேசும், பொறவு வேற வீட்டுக்குப் போயிரும். ஆனா சாத்தின கதவு திறக்காமலே போயிட்டா? இதுதான் ராத்திரி பகலா என்னைப் பிடுங்கித் திங்குத பயம். ஜோடி மாட்டுல ஒண்ணு போயிட்டா மத்தது வைக்கோல்ல வாய வைக்காதும்பாங்க. பாக்கேன்லா, சட்டைக் காலர் கழுத்தை விட்டுத் தள்ளி நிக்கிது. முந்தாநா வேணும்னே சாம்பார்ல உப்பை அள்ளிப் போட்டேன். ஏளா, இதென்ன கடல்தண்ணியான்னு ஒரு வார்த்தை திட்டட்டும்னு. வாயில வைக்க முடியலை எனக்கே. அவுக முழுசையும் சாப்பிட்டு, ரெண்டு செம்பு தண்ணி குடிச்சு, கையைக் கழுவிட்டுப் போயிட்டாவ. பொறவு கொல்லையில போய் நின்னு அழுதேன். கோவத்துலதான் அழுதேன். ஜோடி மாடாம்லா. அப்ப நான் யாரு? தாலி கட்டி இந்த வீட்டுக்குக் கூட்டியாந்தது என்னைல்லா? அண்ணாச்சி மேல எனக்குப் பொறாமையான்னு கேட்டா, ஆமா, இருந்துச்சு, இப்பவும் இருக்கு. அண்ணாச்சி திரும்பி வந்து அந்த நாற்காலியில உக்காந்தாவன்னா மறுபடியும் கதவுக்குப் பின்னால போய் நின்னுக்கிடுவேன், அதுவும் நிஜம். எனக்கு அவுக பேசணும். எங்கிட்டத்தான்னு இல்லை. சுவத்துக்கிட்ட பேசினாலும் சரி.

கடைசி வரி. இப்படிக்கு, தங்கள் நல்வரவை எதிர்பார்க்கும், காந்திமதிநாதன், மங்கையர்க்கரசி. அவ்வளவுதான், வழக்கம் போல அவுக பேரு முன்னால, நான் வாலு மாதிரி. உமையா கல்யாணப் பத்திரிகையிலயும் இப்படித்தான். ஆனா பேனா இங்கன நிக்கிதே, ஏன் நிக்கிது? அவுகளைக் கேக்காம அவுக பேரைப் போடலாமா? அழைக்கவங்க அவுகன்னா வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு சொல்லணும். ‘ம்’ங்கத வச்சுக்கிட்டு எப்படி வரவேற்பாவ? சரி, அவுக பேரை எடுத்திரு. இப்படிக்கு, மங்கையர்க்கரசி. ஆத்தாடி. ஒத்தைப் பேரு. வீட்டுக்காரரு இருக்கும்போது பொம்பளை பேரு மட்டும் பத்திரிகையில வந்தா என்ன அர்த்தம்? பாத்தவுக அத்தனை பேரும் காந்திமதி சார் எப்ப போனாருன்னுதான் கேப்பாங்க. அடி, அடி, அடிச்சிரு அதை. அடிச்சாச்சு, தாளு கிழிஞ்சே போச்சு. அவுகளைப் போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இது என்ன எழவு பத்திரிகை. தங்கபுஷ்பம் அக்காவுக்குக் கார்டு உண்டு, எதிர்வீட்டுக்கு உண்டு, எக்ஸ்சேஞ்சுக் கூட்டாளிகளுக்கு உண்டு, இவுகளுக்கு? இவுகளுக்கு யாரு கார்டு கொடுப்பா? வீட்டுக்காரரு பேரு எந்தப் பத்திரிகையிலயும் அடியிலதான் இருக்கும், மேல இருக்காது. சொந்த வீட்டு விசேஷத்துக்கு ஆம்பளையை யாரும் வாங்கன்னு கூப்பிட்டதே இல்லை. யாருக்காக இத்தனையும் எழுதுதேனோ அவுகளை ஒரு வார்த்தை கூப்பிடணும்னு தோணலையே எனக்கு. தாம்பாளம் எங்க? மேல் தட்டுல. வெத்தலை இருக்கு, நேத்துப் பூசைக்கு வாங்கினது, ஓரம் வாடிருக்கு. கொட்டப்பாக்கு இருக்கு. மஞ்சள், குங்குமம் வைக்கவா? வை, இது உசிரோட இருக்கவுகளுக்குக் கொடுக்கது. வேற தாளு எடுத்து நல்ல கையெழுத்துல எல்லாத்தையும் எழுதியாச்சு. அடியில ஒத்தைப் பேருதான், மங்கையர்க்கரசி. இந்த ஒரு கார்டுல மட்டும் அதை யாரும் தப்பா எடுத்துக்கிட முடியாது. நாலு மூலைக்கும் மஞ்சள் தடவினேன். கட்டில் கிரீச்சுங்குது. எந்திரிச்சிட்டாவ.

அவுக கட்டில் ஓரத்துல உக்காந்து செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாவ. நான் சேலையைச் சரி பண்ணிக்கிட்டு எதிர்ல போய் நின்னேன். எனக்கு வெக்கம் வேற, கிழவிக்கு வந்த வெக்கத்தைப் பாரு. குரல் நடுங்காம இருக்கணும்னு எக்ஸ்சேஞ்சுக் குரலை எடுத்தேன். “எங்க வீட்டுல ஒரு விசேஷம் வச்சிருக்கோம். நீங்க அவசியம் வந்துரணும். இதையே நேர்ல வந்து அழைச்சதா,” அடச்சே, நேர்லதானே நிக்கேன், உளறிட்டேன். அவுக என்னை ஏற இறங்கப் பாத்தாவ. கோட்டி பிடிச்சிட்டு இவளுக்குன்னுதான் நினைச்சிருப்பாவ. ஆனா தாம்பாளத்தைப் பாத்ததும் பழக்கம் விடலை, எந்திரிச்சு நின்னுட்டாவ. உக்காந்தபடியா தாம்பாளம் வாங்குவாங்க யாராவது? தோள்ல கிடந்த துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு ரெண்டு கையையும் நீட்டி வாங்கினாவ. தாளை எடுத்து, எட்டப் பிடிச்சு, கிட்டப் பிடிச்சு, ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாவ. தொண்டையைச் செருமினாவ. “அன்புடையீர்,” அப்படின்னாவ. துரு ஏறின கதவு மாதிரி முதல்ல கரகரன்னு. “ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், சும்மா கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுக்கொண்டு இருக்கலாம் என்று இருக்கிறோம்.” நிறுத்தி மூச்சு வாங்கினாவ. “விளக்கு கொஞ்சமாகத்தான் எரியும்.” அந்தக் குரலு. அதே குரலு, நடுவுல கதவு இல்லாம, என் முகத்துக்கு நேரா, நான் எழுதினதை. ஆறுதல் வரிக்கு வந்ததும் ரெண்டு தடவை வாசிச்சாவ. ரெண்டாந்தடவை உதடு கோணிக்கிட்டுப் போச்சு. கண்ணைத் துடைக்கலை, வழியட்டும்னு விட்டுட்டாவ. நானும் ஒண்ணும் சொல்லலை. கடைசி வரி முடிச்சு, என் பேரையும் வாசிச்சு, தாளைத் திருப்பிப் பின்பக்கம் பாத்தாவ. “எல்லாம் சரி. தேதியைக் காணோமே,” அப்படின்னாவ. ஐயோ ராமா. சொல்லுச் சொல்லாப் பாத்து எழுதினவ தேதியை விட்டுட்டேனே. “நீங்க சொல்லுங்க. என்னைக்குத் தோதுப்படும் உங்களுக்கு?” சுவத்துக் காலண்டரைப் பாத்தாவ. “ஞாயித்துக்கிழமையே போடு.” சரின்னேன், காப்பி கொண்டாறேன்னு திரும்பினேன். “மங்கை,” பேரு சொல்லிக் கூப்பிட்டாவ. “அன்னைக்கு நீ அடுக்களையில நிக்கக் கூடாது.” திரும்பிப் பாத்தேன். “நான் எங்க அடுக்களையில...” “ஜெபமணிக்குக் கண்ணுதாம்ளா போச்சு. காது பாம்புச் செவி. அன்னைக்குத் தைலம் பேசிட்டு நீ எந்திரிச்சுப் போனேல்லா, கொஞ்ச நேரத்துல சொன்னான், வேய் காந்தி, அடுக்களையில கரண்டிச் சத்தம் நின்னுட்டு, தங்கச்சி கேக்காவ, சத்தமா வாசின்னு. அன்னைக்குலேர்ந்து ஒவ்வொரு வாரமும் அதே பாட்டுதான், சத்தமா வாசி, சத்தமா வாசின்னு. தொண்டை கட்டிப் போவும் எனக்கு. பக்கத்துல இருக்கவனுக்கு வாசிக்க எதுக்கு அந்தச் சத்தம்?” இவ்வளவையும் ஒரே மூச்சுல சொன்னாவ. சொல்லிட்டுக் கட்டில்ல உக்காந்து, தாம்பாளத்தை மடியில வச்சுக்கிட்டு, எனக்கு இடம் விட்டுத் தள்ளி உக்காந்தாவ.